புயல் கடந்த காலையிலிருந்து: ஊரே சேர்ந்து நிவாரணம் நடத்தும் முறை

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. தீபாவளி முடிந்து பத்தே நாள். நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே போய்விட்டது. எங்கள் ஊர் பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கிறோம், நமக்கு என்ன வரப்போகிறது என்று படுத்தவர்கள் நாங்கள். காலையில் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு தென்னை கிடந்தது.

நாலாம் நாள் முதல் லாரி வந்தது. அப்புறம் வரிசையாக வந்தன. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து அரிசி, பிரட், தண்ணீர் பாட்டில், துணி என்று இறக்கினார்கள். அந்த அன்பை மறக்க முடியாது. ஆனால் வந்ததெல்லாம் மெயின் ரோட்டிலேயே தீர்ந்துவிட்டது. ஆறாம் நாள்தான் ஊரின் தென்கோடியில் இருக்கும் காலனிக்குப் போனோம். கூரை பறந்துபோன வீட்டுக்குள் ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்த ஒரு ஆத்தா, "எங்களுக்கு வண்டிச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு, தம்பி" என்றார்.

அந்த வார்த்தைதான் இதை எழுத வைத்தது. அன்று எங்களிடம் பொருள் இருந்தது, ஓடியாட ஆள் இருந்தது. யார் எந்தத் தெருவில் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் யார் கையிலும் இல்லை. ஊராட்சித் தலைவர் என்று ஒருவரும் அப்போது பதவியில் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்கள் கையில் ஊராட்சிகள் இருந்த காலம் அது. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் தட்டுத்தடுமாறி, தப்புச் செய்து, திருத்தி, தாங்களே ஒரு முறையைக் கண்டார்கள். அதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் காலை: வழி, கம்பி, காயம்

காற்று சட்டென்று நின்றால் உடனே வெளியே ஓடாதீர்கள். புயலின் கண் பகுதி கடக்கும்போது அப்படித்தான் அமைதியாக இருக்கும். பிறகு எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். அரசு அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.

வெளியே வந்ததும் முதல் வேலை ஆட்களைத் தேடுவது. தெருவுக்கு இரண்டு பேர் வீடு வீடாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராத வீட்டில் நின்று பார்க்க வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

இரண்டாவது, கம்பி. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை என்று நினைத்துக் கீழே கிடக்கும் கம்பியைத் தொடவே கூடாது. யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைப் போட்டு, மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டால், அந்த மின்சாரம் அப்படியே தெருக் கம்பிக்குள் ஏறும். இதை ஊர் முழுக்கச் சொல்லுங்கள்: ஜெனரேட்டர் ஓட வேண்டுமானால் மெயின் இறங்கியிருக்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னல் ஓரத்திலோ வைக்கவும் கூடாது. அதன் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மூன்றாவது, மரம் அறுப்பது. ஊரிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே ஒரு வழியை மட்டும் முதலில் திறங்கள். எல்லாத் தெருவையும் ஒரே நாளில் திறக்கப் போனால் எதுவும் முடியாது. 108 வண்டி உள்ளே வந்து திரும்பிப் போகிற அளவுக்கு வழி இருந்தால் போதும். அறுப்பவர் பழகியவராக இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வளைந்து நிற்கும் மரம் வில் மாதிரி இழுவிசையோடு இருக்கும்; தப்பான பக்கம் அறுத்தால் தெறித்து அடிக்கும். மெஷின் ஓடும் இடத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டுவதற்கென்றே ஒரு பெரியவரை நிறுத்துங்கள்.

ஆணியும் உடைந்த சிமெண்ட் ஷீட்டும் கிழித்த காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பாம்புக் கடி என்றால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நேராக அரசு மருத்துவமனைக்கு. புற்று இடிந்து, வைக்கோல் போர் சரிந்து கிடக்கும் நாட்களில் பாம்பு வீட்டுக்குள்தான் ஒதுங்கும்.

தண்ணீர்தான் முதல் பஞ்சம்

வெளியூரில் இருப்பவர்கள் சாப்பாட்டைத்தான் முதலில் நினைக்கிறார்கள். எங்களுக்கு அரிசி ஒரு வாரம் தாங்கியது. தண்ணீர் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. இன்று கிராமத்தின் தண்ணீர் முழுக்க மோட்டாரில் இருக்கிறது. கரண்ட் போனால் மேல்நிலைத் தொட்டி அன்று சாயங்காலமே காலி. கஜாவுக்குப் பிறகு உட்புற ஊர்கள் சிலவற்றுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் கேட்டு எத்தனை இடத்தில் சாலை மறியல் நடந்தது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, அடிப்படைச் சுத்தத்துக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலக அளவில் நிவாரணப் பணிகளில் வைத்திருக்கும் அளவு. 300 வீடு, 1,200 பேர் என்றால் நாளைக்கு 18,000 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டி ஒன்றை ஒரு தரம் நிரப்பினால் ஊருக்கே போதும். ஆகவே ஒவ்வொரு வீடும் ஜெனரேட்டர் தேடுவதை விட்டு, ஊர்ப் பணத்தில் ஒரே ஒரு பெரிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துப் போர் மோட்டாருக்குக் கொடுங்கள். 7.5 எச்.பி. மோட்டாருக்குக் குறைந்தது 15 கே.வி.ஏ. வேண்டும், சின்னது பிடித்து வந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே திணறி நின்றுவிடும்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெனரேட்டர் வந்து, இணைப்புக் கொடுத்து, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் நூல் மாதிரி ஒழுகுகிறது. போர் வற்றிவிட்டது என்று பெண்கள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வந்து பார்த்து, மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். குழாய் முழுக்கத் தண்ணீர் வந்தது. பேஸ் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும் என்பது அவருக்குத் தெரியும், எங்களில் வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டரின் வீடும் நிவாரணப் பட்டியலில் மேலே இருக்கட்டும். அவர் கூரைக்குத் தார்ப்பாய் போட்டுக் கொடுத்துவிட்டு அவரை வேலைக்குக் கூப்பிடுங்கள்.

திறந்த கிணறு இருந்தால் அதையும் தயார் செய்யலாம். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். ஆக 70 கிராம். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் களி மாதிரி குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் நன்றாக ஆட்ட வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பு மண்ணுக்கு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். வெள்ளம் உள்ளே போன கிணறு என்றால் முதலில் முழுக்க இறைத்துக் கழுவிவிட்டு இதைச் செய்யுங்கள். சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு குளோரின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். வேதாரண்யம் பக்கம் மாதிரி கடல் நீர் புகுந்த கிணற்றுக்கு இது உதவாது. பிளீச்சிங் பவுடர் உப்பை எடுக்காது. அங்கே லாரித் தண்ணீர்தான் வழி.

வீட்டில் குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் மருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் கையால் அள்ளிப் போடாதீர்கள்.

பொதுச் சமையல்

முதல் மூன்று நாளுக்கு வீட்டு வீட்டுக்குப் பொருள் கொடுப்பதில் அர்த்தமில்லை. அடுப்பு நனைந்திருக்கும், விறகு நனைந்திருக்கும். ஊரில் நிற்கிற பெரிய கட்டடம் எதுவோ, பள்ளிக்கூடமோ கோயில் மண்டபமோ, அங்கே ஒரே சமையல். கல்யாண வீட்டுக்குச் சமைக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்கு 500 பேருக்குச் சமைப்பது பழகிய வேலை. நூறு பேருக்கு ஒரு வேளைக்கு 12 முதல் 15 கிலோ அரிசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் கஞ்சியும் துவையலும் போதும். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். "அவங்களுக்குத் தனியாக் கொண்டு போய்க் குடுத்துடலாம்" என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அதற்கு இடமே கொடுக்காதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் தூக்கில் அனுப்ப வேண்டும்.

சமையல் நடக்கும் இடம் செய்தி சேரும் இடமாகவும் ஆகிவிடும். அங்கேயே ஒரு பிளக் பாயின்ட் பலகை வையுங்கள். போன் சார்ஜ் ஏற்ற வருகிறவர்களிடம் அவர்கள் தெரு நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

நோட்டு

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் மொய் விருந்து உண்டு. ஆடி, ஆவணியில் ஊரே கூடி மொய் எழுதும். ஒரு மேசையில் ஒருவர் பணம் எண்ணுவார், ஒருவர் ஊரையும் பெயரையும் தொகையையும் சத்தமாகச் சொல்வார், ஒருவர் எழுதுவார். ஆயிரம் பேர் வந்துபோனாலும் ராத்திரி கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நிற்கும். யார் வீட்டுக்கு யார் என்ன உறவு, எந்தத் தெரு, எத்தனை தலைக்கட்டு என்று அந்த எழுத்தர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏழாம் நாள் எங்களுக்கு அது உறைத்தது: நிவாரணக் கணக்கு எழுத இவர்களைவிட யார் வேண்டும்? அன்று சாயங்காலமே இரண்டு மாமாக்களை உட்கார வைத்தோம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊரில் சண்டை நின்றது.

உங்கள் ஊரில் மொய் எழுதுகிறவர் இல்லாவிட்டால் மகளிர் குழுவின் கணக்காளரைப் பிடியுங்கள், நூறு நாள் வேலைக்கு வருகை எழுதுகிற பெண்ணைப் பிடியுங்கள். படித்த பையன் லேப்டாப்பில் போடட்டும், ஆனால் காகித நோட்டு கட்டாயம். கரண்ட் இல்லாத ஊரில் எக்செல் திறக்காது.

நோட்டு எழுதும் விதம்:

1. கடைசித் தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து மெயின் ரோட்டை நோக்கி வாருங்கள். ஆளும் நேரமும் தீர்ந்துபோனால் விடுபடுவது ரோட்டோர வீடாக இருக்கட்டும். அவர்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும்.

2. வீட்டுக்கு நேரில் போய், வாசலில் நின்று எழுதுங்கள். "ஒரு இடத்துக்கு வந்து பேர் குடுங்க" என்று சொன்னால் வரக்கூடியவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

3. ஒரு குடும்பத்துக்கு ஒரு எண். பெயர், ஆட்கள் எத்தனை, கைக்குழந்தை, கர்ப்பிணி, 60 வயதுக்கு மேற்பட்டோர், மாற்றுத்திறனாளி, தினம் மருந்து சாப்பிடுகிறவர், டயாலிசிஸ் போகிறவர், வீட்டு நிலை (முழுக்கப் போச்சு, பாதி போச்சு, நிற்கிறது), ஆடு மாடு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம்.

4. ரேஷன் அட்டையை மட்டும் வைத்துப் பட்டியல் போடாதீர்கள். செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், ஊரோரம் கூடாரம் போட்டிருக்கும் நரிக்குறவர் குடும்பங்கள் யாரிடமும் இந்த ஊர் அட்டை இருக்காது. காற்று அவர்கள் கூரையையும்தான் பிய்த்துக்கொண்டு போனது.

5. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தெருவிலும் சத்தமாக வாசியுங்கள். விட்டுப்போன பெயர் அப்போதே வந்துவிடும், இல்லாத பெயர் இருந்தாலும் அப்போதே போய்விடும். நோய் விவரத்தை மட்டும் வாசிக்கக் கூடாது. அது எழுதியவரிடமும் செவிலியரிடமும் இருந்தால் போதும்.

6. இரண்டு பிரதி. ஒன்று ஊரில், ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடம்.

ராத்திரி கோயில் சுவரில் ஒரு அட்டை தொங்க வேண்டும்: இன்று வந்தது, கொடுத்தது, மிச்சம். பணமும் அப்படியே. நம்மை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். வீடு இழந்தவன் சந்தேகப்படத்தான் செய்வான், அது அவன் தப்பில்லை.

வண்டி வரும்போது

நோட்டு கையில் இருந்தால் வெளியூர் ஆட்களிடம் "என்ன வேணும்னாலும் அனுப்புங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. "340 குடும்பம், தார்ப்பாய் 212, கொசுவலை 340, கைக்குழந்தை 19" என்ற மாதிரி சொல்லலாம். இப்படிக் கேட்டவர்களுக்குத்தான் கேட்டது வரும். எங்களுக்கு ஒரே நாளில் நாலு வண்டி பிரட் வந்து பாதி பூசணம் பிடித்தது. மெழுகுவத்தி வந்தது, தீப்பெட்டி வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய துணியை மரியாதையாக மறுத்துவிடுங்கள். புதுசாக உள்ளாடை, நைட்டி, லுங்கி, நாப்கின் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பெண்கள் குழுவிடம் போனைக் கொடுங்கள்.

கேட்க வேண்டியவை: 4 மீட்டருக்கு 6 மீட்டர் தார்ப்பாய், நைலான் கயிறு, பாய், போர்வை, கொசுவலை, மூடியுள்ள குடம், வாளி, சோலார் விளக்கு, அரிவாள், மண்வெட்டி, சோப்பு, உப்பு, எண்ணெய், பருப்பு. அரிசி பெரும்பாலும் ரேஷனில் வந்துவிடும்.

வண்டியை நடுரோட்டில் பிரிக்க விடாதீர்கள். மேலிருந்து தூக்கிப் போட்டால் இளவட்டங்கள் பிடிப்பார்கள், கிழவிகள் கீழே விழுவார்கள். ஊர் எல்லையில் இரண்டு பேர் நின்று வரவேற்று, நேராகக் கிடங்குக்குக் கூட்டிப் போய், இறக்கி எண்ணி, நோட்டில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெரிய லாரி நுழையாத தெருவுக்குக் குட்டியானையில் மாற்றிக் கொண்டுபோங்கள். முந்தின சாயங்காலம் வீட்டு எண் போட்ட டோக்கன் வாசலில் போய்ச் சேர வேண்டும். டோக்கனில் நேரமும் எழுதுங்கள். கடைசித் தெருவுக்கு முதல் நேரம்.

கொடுக்கும்போது போட்டோ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், உண்மை. கிடங்கில் அடுக்கிய மூட்டையை எடுங்கள், நோட்டின் பக்கத்தை எடுங்கள். கை நீட்டி நிற்கிற மனுஷியின் முகம் வேண்டாம்.

பணம்

பத்து நாள் தாண்டிக் கடைகள் திறந்ததும் பொருளைக் குறைத்துப் பணமாகக் கொடுங்கள். ஒருத்திக்குப் பள்ளிக்கூடச் சீருடை வேண்டும், இன்னொருத்திக்குத் தையல் மெஷினுக்கு மோட்டார் வேண்டும். அவரவர் தேவை அவரவருக்குத்தான் தெரியும். உள்ளூர்க் கடைக்காரரும் பிழைத்துக்கொள்வார்.

ஊர் இளைஞர்கள் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பதால் பணம் வரும். தனி ஆள் கணக்கில் வாங்காதீர்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்கள் உங்கள் சங்கத்துக்கு அனுப்ப நினைத்தால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இல்லாத சங்கம் வாங்கக் கூடாது. பதிவு உள்ள தொண்டு நிறுவனம் வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கூலியாகக் கொடுப்பது இன்னும் நல்லது. 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் சூறாவளியில் 6,300 பேர் இறந்தார்கள். இடிபாடாகக் கிடந்த டக்ளோபான் நகரில், ட்சு சி என்ற தைவான் பௌத்த அமைப்பு, அவரவர் தெருவைச் சுத்தம் செய்ய அந்த மக்களுக்கே நாளுக்கு 500 பெசோ கொடுத்தது. தெருவும் திறந்தது, வீட்டில் அடுப்பும் எரிந்தது. கூலி வேலை நின்றுபோன நம் காலனிக் குடும்பங்களுக்கு இதுதான் பொருத்தம். தோப்புக்காரரின் மரத்தை அகற்றும் வேலையைச் சும்மா செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள்.

தாயும் பிள்ளையும்

பால் பவுடர் டின் வந்தால் வாங்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடரை இலவசமாக விநியோகிப்பதே தடை செய்யப்பட்டிருக்கிறது. கெட்ட தண்ணீரில் கரைத்துக் கழுவாத பாட்டிலில் கொடுத்தால் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விடும். புயல் பயத்தில் பால் வற்றிவிட்டது என்று தாய்கள் சொல்வார்கள். அவர்களுக்குச் சாப்பாடும், மறைவாக உட்கார ஒரு மூலையும், பக்கத்தில் ஒரு பெரிய மனுஷியும் இருந்தால் பால் திரும்ப ஊறும். தாயில்லாத குழந்தைக்கு என்ன செய்வது என்பதை கிராம சுகாதார செவிலியர் முடிவு செய்யட்டும்.

ஏழாவது மாதத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளை வழி திறந்த உடனே மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை நனைந்துபோனவர்களின் பட்டியலை மூன்றாம் நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். முகாமில் பெண்களுக்கு வெளிச்சமும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, தண்ணீருக்குப் பக்கத்தில். தேங்கிய சேற்றில் வேலை செய்தவர்களுக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் அனுப்பிவிடுங்கள்.

அங்கன்வாடியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திறங்கள், ஒரு மரத்தடியிலாவது. பெற்றோரை இழந்த குழந்தையை "நாங்க வளர்க்கிறோம்" என்று கேட்டு வருகிறவர்களிடம் அனுப்பவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

தலைக்கு மேலே

தார்ப்பாய் கொடுத்தால் மட்டும் போதாது, கட்டியும் கொடுக்க வேண்டும். கீற்றுக் கொட்டகை போடத் தெரிந்தவர்கள் நாலு பேரைத் தெருத்தெருவாக அனுப்புங்கள். தார்ப்பாயில் நேராக ஆணி அடித்தால் முதல் காற்றிலேயே கிழியும். ஓரத்தில் ஒரு உருண்டைக் கல்லை உள்ளே வைத்து, துணியோடு சேர்த்து முறுக்கி, அந்தக் குமிழுக்குக் கீழே கயிற்றைக் கட்டுங்கள். சரிவு நன்றாக இருக்கட்டும். நடுவில் தண்ணீர் தேங்கினால் மொத்தமும் இறங்கிவிடும். நனைந்து ஊறிய மண்சுவரை ஆதாரமாக வைத்துக் கட்டாதீர்கள். புயலில் நின்ற சுவர் வெயில் வந்ததும் விழும்.

மரம், மாடு, காகிதம்

கஜாவில் தென்னைக்கு அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. முழுக்கச் சேதமான குடிசைக்கு 10,000. இந்தத் தொகை வாங்க மரம் கணக்கெடுக்கப்பட வேண்டும் என்பதால் பலர் வாரக்கணக்கில் தோப்பைத் தொடாமல் வைத்திருந்தார்கள். காத்திருக்கத் தேவையில்லாதபடி இப்படிச் செய்யுங்கள்: விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்டில் எண், வரிசையாக வீடியோ, உரிமையாளர் நிற்க ஒரு படம், சர்வே எண்ணோடு ஒரு தாள், பக்கத்துத் தோப்புக்காரர் கையெழுத்து. கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, அகற்றலாமா என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். வீட்டுக்கும் அப்படியே, சுத்தம் செய்வதற்கு முன் நாலு பக்கமும் படம்.

அழுகும் தென்னையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். ஆறு மாதத்தில் அது நின்ற மரத்தையும் புதிதாக வைத்த கன்றையும் தின்னும். ஹையானில் சுமார் 3.3 கோடி தென்னைகள் சேதமான பிறகு, அங்கே விழுந்த மரத்தை அறுத்துப் பலகையாக்கி வீடு கட்டினார்கள். முற்றிய மரத்தின் அடிப்பாகம் உறுதியானது. அறுவை மெஷின் வைத்திருப்பவரை ஊருக்கே வரவழைத்தால் தற்காலிகக் கூரைக்கு வேண்டிய சட்டம் கிடைத்துவிடும்.

செத்த ஆடு மாடுகளை ஆறடிக் குழியில், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அதற்கு முன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும்; அவர் வர முடியாவிட்டால் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த பத்திரம், புத்தகம், ரேஷன் அட்டையை வெயிலில் போடாமல் நிழலில் தாள் தாளாக உலர்த்துங்கள். விடுபட்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் மனு எழுத ஒரு மேசை போட்டு, ரசீது எண்ணை நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

தோப்புக்குள் உட்கார்ந்திருப்பவர்

தென்னம்பிள்ளை என்றுதான் நாங்கள் சொல்வோம். மகள் பிறந்த வருடம் வைத்தது, தம்பி படிப்புக்கு வைத்தது என்று ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு இருக்கும். புதிதாக வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம். கஜாவுக்குப் பிறகு அந்தத் துக்கத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு மாமா தினமும் காலையில் தோப்புக்குப் போய், அடிமரத்தின் மேல் உட்கார்ந்து, பொழுது சாயத்தான் வருவார். சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் தோப்பு. கடைசியில் அவரைக் கிடங்குக் காவலுக்குக் கூப்பிட்டோம். வந்தார். இரண்டு நாள் கழித்து, மூட்டை அடுக்கியது சரியில்லை என்று எங்களைத் திட்டவும் ஆரம்பித்தார்.

நோட்டில் இதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்: பேச்சு குறைந்தவர், சாப்பாடு குறைந்தவர், கடன் பெரிதாக இருப்பவர். தினம் ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம், கூட இருந்தால் போதும். அந்த வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த புயலுக்குள்

எங்கள் நோட்டு இப்போது பிளாஸ்டிக் உறையில், ஊர்க் கோயில் பெட்டியில் இருக்கிறது. புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு தென்கோடியிலிருந்து நடக்க ஆரம்பிப்பார்கள். தார்ப்பாய், கயிறு, அறுவை மெஷின், பிளீச்சிங் பவுடர் இருப்பையும் அன்றே பார்த்துவிடுவார்கள். போன தடவை புதுப்பித்தபோது காலனியில் மூன்று வீடு கூடியிருந்தது. கைக்குழந்தை இரண்டு. டயாலிசிஸ் ஒருவர், புதனும் சனியும். அந்த ஆத்தாவின் பெயருக்கு நேரே "தனியாக இருக்கிறார், காது கேட்காது, நேரில் போய்க் கூப்பிடவும்" என்று எழுதி வைத்திருக்கிறோம்.